துண்டை எடுக்கச் சொல்லுங்கள்

கேள்வி: என் கணவர் பிலிப்பைன்ஸ்காரர். இங்குள்ள தொழில்முறை லீக்கான பி.பி.ஏ.வில் 12 வருடமாகக் கூடைப்பந்து ஆடுகிறார். வயது 37. இந்த சீசனோடு ஒப்பந்தம் முடிகிறது. மணிலாவில் ஒரு கல்லூரி அணி உதவிப் பயிற்சியாளராகக் கூப்பிடுகிறது. சம்பளம் இப்போது வாங்குவதில் கால்வாசிகூட இல்லை. "தலைமைப் பயிற்சியாளர் என்றால் போ, எடுபிடி வேலைக்குப் போகாதே" என்கிறார் மாமியார். இவரும் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறார். இரண்டு சீசனாக இவரை அதிகம் இறக்குவதில்லை. பெஞ்சின் கடைசியில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் பாவமாக இருக்கும். பள்ளி போகும் பிள்ளைகள் இரண்டு பேர். நான் என்ன சொல்லட்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மணிலா

பதில்: ஏம்மா, அந்தத் துண்டை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்களே! சம்பளம், மாமியார் எல்லாம் அப்புறம். பயிற்சியாளர் ஆக வேண்டும் என்கிற மனிதர் இரண்டு சீசன் முழுக்க, அரங்கத்திலேயே நல்ல இடத்தில் உட்கார்ந்துகொண்டு ஆட்டத்தைப் பார்க்காமல் இருந்திருக்கிறார். நீங்களோ காலரியிலிருந்து பாவப்பட்டிருக்கிறீர்கள். ஒரு தடவையாவது "அங்கே என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டீர்களா?

கோர்ட்டுக்குள் நிற்பவனுக்குத் தன் ஆளும் பந்தும் தெரிந்தால் போதும். பயிற்சியாளருக்குப் பத்துப் பேரும் தெரிய வேண்டும். கூடவே ஃபவுல் கணக்கு, மீதமுள்ள டைம் அவுட், எதிரணி யாரை இறக்கி யாரை உட்கார வைக்கிறது என்பதெல்லாம். அதுவும் கல்லூரி ஆட்டம் சர்வதேசக் கூடைப்பந்து அமைப்பான ஃபீபாவின் விதிப்படி நடப்பது. இவர் பழகியது 12 நிமிடக் கால்பகுதி, ஆறாவது ஃபவுலில் வெளியே. அங்கே 10 நிமிடம், ஐந்தாவது ஃபவுலிலேயே வெளியே. முதல் கால்பகுதியிலேயே இரண்டு ஃபவுல் வாங்கிய பையனை உள்ளே வைத்திருந்தால் முக்கியமான நேரத்தில் அவன் கையில் இருக்க மாட்டான்.

டைம் அவுட்டும் அப்படித்தான். முதல் பாதியில் இரண்டு, இரண்டாம் பாதியில் மூன்று. ஆனால் கடைசி இரண்டு நிமிடத்தில் இரண்டுதான் எடுக்கலாம். மூன்றையும் பத்திரப்படுத்தி வைத்தால் ஒன்று வீணாகப் போய்விடும். அந்த இரண்டு நிமிடத்தில் எதிரணி கூடை போட்டவுடன் டைம் அவுட் கேட்டால் பந்தை எதிரணிக் கூடை இருக்கும் பாதிக்குக் கொண்டுபோய் அங்கிருந்து உள்ளே வீசலாம். ஆனால் ஷாட் கிளாக், அதாவது கூடையை நோக்கி எறியக் கிடைக்கும் நேரம், 24 கிடையாது, 14 நொடிதான். 24 நொடிக்குப் பழகின நகர்வை அங்கே வரைந்து காட்டுகிறவர் தோற்பார். ஒரு டைம் அவுட் ஒரு நிமிடம்; பையன்கள் வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்து நிமிர்வதற்குள் பாதி போய்விடும். மிச்சத்தில் இரண்டு விஷயத்துக்கு மேல் சொன்னால் ஒன்றும் ஏறாது. நேற்றுவரை ஆடியவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். உடம்பால் தெரிந்ததை வாயால் சொல்ல வராமல், "நான் செய்த மாதிரி செய்" என்று கத்துவார்கள்.

இதையெல்லாம் கற்றுத்தரும் இடம்தான் உதவிப் பயிற்சியாளர் நாற்காலி. எதிரணியின் கடைசி சில ஆட்டங்களின் வீடியோவை வெட்டி, யார் இடதுகைப் பக்கம் போவான், பிக் அண்ட் ரோலை (ஒருவன் காவலாளியை மறித்து நின்றுவிட்டு, உடனே கூடையை நோக்கித் திரும்பி ஓடும் நகர்வு) எப்படித் தடுக்கிறார்கள் என்று ஒரே பக்கத்தில் எழுதித் தர வேண்டும். எடுபிடி வேலையா இது?

மாமியார் மனதில் இருப்பது பழைய நட்சத்திர வீரர் ஜவோர்ஸ்கியின் காலம். 1985-ல் பி.பி.ஏ. அணியான ஜினேப்ரா, ஆடிக்கொண்டிருந்த அவரையே பயிற்சியாளராகவும் ஆக்கியது; அடுத்த வருடமே கோப்பை, 1998-ல் செனட்டர் பதவி. அந்த மாதிரி ஊருக்கு ஒருவர்தான். ஜிம்மி அலபாக்கைப் பாருங்கள். 2011-ல் பி.பி.ஏ.வின் மிகச் சிறந்த வீரர், தேசிய அணித் தலைவர். அலாப் பிலிப்பினாஸ் அணியின் தலைமைப் பயிற்சியாளராக 2018-ல் ஆசியான் லீக் கோப்பையும் வென்றார். அதற்குப் பிறகும் பி.பி.ஏ. அணியான சான் மிகுவேலில் உதவியாளர், அமெரிக்காவில் ஸ்டாக்டன் கிங்ஸ் அணியில் உதவியாளர். அவருக்கு இல்லாத கௌரவக் குறைச்சல் உங்கள் வீட்டுக்காரருக்கு எங்கிருந்து வந்தது? லியோ ஆஸ்த்ரியா 1985-ல் பி.பி.ஏ.வின் சிறந்த புதுமுக வீரர். பயிற்சியாளராக ஆடம்சன் பல்கலைக்கழகப் பையன்களோடு பல வருடம் மல்லுக்கட்டிய பிறகுதான் சான் மிகுவேலுக்கு 2015 முதல் 2019 வரை தொடர்ந்து ஐந்து பிலிப்பைன் கப் கோப்பைகளை வென்று தந்தார்.

சம்பளம் குறையும், உண்மை. வீட்டுச் செலவை இப்போதே அந்தச் சம்பளத்துக்கு இறக்குங்கள். சீசன் முடியும்வரை வரும் மிச்சத்தைப் பிள்ளைகளின் கட்டணத்துக்கென்று தனியாகப் போடுங்கள். சொந்தக்காரர்களுக்கு அனுப்புவதையும் அவரே குறைத்து, தன் அம்மாவிடம் தானே சொல்லட்டும். மருமகள் வாயால் போக வேண்டிய பேச்சு அல்ல அது. இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன் ஆன பிறகு, வேலை எந்தப் பெயரில் இருக்க வேண்டும் என்று அம்மா தீர்மானிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அடுத்த ஆட்டத்திலேயே அவரைத் தலைமைப் பயிற்சியாளருக்குப் பக்கத்தில் போய் உட்காரச் சொல்லுங்கள், கையில் ஒரு சின்ன நோட்டோடு. ஒவ்வொரு டைம் அவுட்டுக்கும் ஸ்கோர், யார் உள்ளே, அதற்கு முந்தைய மூன்று தாக்குதலில் என்ன நடந்தது, இவ்வளவு போதும். வீட்டுக்கு வந்ததும், மூன்றாம் கால்பகுதியில் கோச் ஏன் ஆட்டத்தை நிறுத்தினார் என்று கேளுங்கள். நான்கைந்து ஆட்டத்துக்குள் பதில் தெளிவாக வந்தால் கல்லூரிக்குச் சம்மதம் சொல்லட்டும். "எனக்கென்ன தெரியும்" என்று தோளைக் குலுக்கினால், தலைமைப் பயிற்சியாளர் பேச்சையே விட்டுவிட்டு வேறு வேலை தேடட்டும். அந்தக் கல்லூரிக்காரர்களை இழுத்தடிக்க வேண்டாம், அவர்களுக்கும் சீசன் வருகிறது.