பழைய ஸ்பீக்கர்களை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: 2008-இல் வாங்கிய 5.1 ஹோம் தியேட்டரில் (ஐந்து ஸ்பீக்கர்கள், அடித்தொனிக்கு ஒரு சப்வூஃபர்), சத்தத்தைக் கூட்டினால் இடப்பக்க ஸ்பீக்கர் கரகரக்கிறது. வசனமும் தெளிவாக இல்லை. கையில் பதினைந்தாயிரம் ரூபாய்தான் உள்ளது. ஐந்தையும் மாற்றிவிடலாமா?
– வாசகர், திருச்சி

பதில்: அவசரப்பட வேண்டாம். ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு, முன்பக்கப் பெட்டிகள் இரண்டையும் இடம் மாற்றி, அந்தந்தப் பக்கத்து ஒயரிலேயே பொருத்திக் கேளுங்கள். கரகரப்பு இடப்பக்கமே தொடர்ந்தால் பழுது ஆம்ப்ளிஃபயரிலோ ஒயரிலோ இருக்கிறது. பெட்டியோடு சேர்ந்து வலப்பக்கம் போனால்தான் ஸ்பீக்கரைச் சந்தேகிக்க வேண்டும். அப்போது துணிவலையைக் கழற்றி, கூம்பைச் சுற்றியுள்ள வளையத்தை விரல் நுனியால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். ஃபோம் வளையமாக இருந்து, பிசுபிசுவென்று ஒட்டினாலோ தூளாக உதிர்ந்தாலோ, அதை மட்டும் மாற்றினால் போதும். ஜோடி ஸ்பீக்கருக்கும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.

வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரிலிருந்தே வருகிறது. அதை டிவி அலமாரிக்குள் ஒளித்து வைத்திருப்பவர்கள்தாம் அதிகம்! விளிம்புவரை முன்னே இழுத்து, காதை நோக்கிச் சற்றே சாய்த்து, அதன் ஒலியளவை 2 அல்லது 3 டெசிபல் கூட்டுங்கள். அதற்கும் சரியாகாவிட்டால், ஒலியின் குணம் ஒத்துப்போவதற்காக முன்பக்க மூன்றை (இடம், நடு, வலம்) மட்டும் ஒரே நிறுவனத்தின் ஒரே மாடல் வரிசையில் வாங்குங்கள்; பின்பக்க இரண்டும் சப்வூஃபரும் அப்படியே இருக்கட்டும்.