என் தாவலையும் எடுத்தாள், அவனையும் எடுத்தாள்

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு 22 வயது. சுவிட்சர்லாந்தில் கிராபுண்டன் மாநிலத்தில் பிறந்து வளர்ந்தவள். அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்கிறார். பள்ளிக்கூடத்து ஸ்கீ முகாமில் சறுக்கப் பழகி, இப்போது லாக்ஸ் மலையில் ஃப்ரீஸ்கி, அதாவது ஸ்கீயில் தாவி வித்தை செய்கிற விளையாட்டுக்குப் பயிற்சி எடுக்கிறேன். என் பிரிவு ஸ்லோப்ஸ்டைல். ஒரே சரிவில் மேலே இரும்பு ரெயில்கள், கீழே வரிசையாகப் பெரிய தாவுமேடைகள் இருக்கும். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து நடுவர்கள் புள்ளி போடுவார்கள்.

நான் எழுத வந்தது இரண்டு பேரைப் பற்றி. பெயர் வேண்டாம், அவன், அவள் என்றே எழுதுகிறேன்.

அவளும் நானும் சின்ன வயதிலிருந்து ஒன்றாகப் பயிற்சி எடுக்கிறோம். 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கில் இதே ஸ்லோப்ஸ்டைலில் சாரா ஹோஃப்லின் தங்கமும் மத்தில்ட் கிரெமோ வெள்ளியும் எடுத்தபோது, விடியமுன் எழும்பி அவள் வீட்டுச் சோபாவில் ஒரே போர்வைக்குள் இருந்து பார்த்தோம். அன்றைக்குச் சனிக்கிழமை, தமிழ்ப் பள்ளிக்கு மட்டம். இரண்டு பேரும் சுவிஸ் பெண்கள்! அடுத்தது நாங்கள்தான் என்று துள்ளினோம். அப்படிப்பட்டவள்தான் இன்றைக்கு இப்படிச் செய்திருக்கிறாள்.

அவன் எங்களைவிட மூத்தவன். முழங்கால் தசைநார் அறுந்தபிறகு போட்டிகளை விட்டுவிட்டு இப்போது பயிற்சிக்கு உதவி செய்கிறான். நானும் அவனும் காதலித்தோம். என் ஒவ்வொரு ஓட்டத்தையும் அவன்தான் படம் எடுப்பான். இடப்பக்க ஸ்விட்ச் 900 என்ற தாவலை நானும் அவனும் சேர்ந்துதான் ஏர்பேக்கில் (விழுந்தால் தாங்குகிற காற்று மெத்தை) பழகி உருவாக்கினோம். பின்பக்கமாகச் சறுக்கி மேடைக்குப் போய், காற்றில் இரண்டரைச் சுற்றுச் சுற்றி, முன்பக்கமாக இறங்குவது. இப்போது அதை அவள் செய்கிறாள். அவன் சொல்லிக் கொடுத்திருக்கிறான். அது என்னுடையது, அக்கா.

போன மார்ச்சில் அந்தத் தாவலில் நான் ஒரு முறை விழுந்தேன். மேடை விளிம்பில் ஸ்கீயின் ஓரம் கடித்து, முதுகும் தலையும் அடிபட விழுந்ததில் ஹெல்மெட் வெடித்தது. மருத்துவர் பார்த்து ஓய்வு எடுக்கச் சொன்னார், எடுத்தேன். அது பெரிய விஷயம் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அவன் நச்சரிக்கத் தொடங்கினான். "ஏன் ஸ்விட்சை விட்டுட்டாய்?" என்பான். பனி சரியில்லை என்பேன். வீடியோவைக் காட்ட வருவான். ஒரு நாள் அவன் கையிலிருந்த போனைத் தட்டிவிட்டேன். கொஞ்ச நாள் தள்ளி இருப்போம் என்று சொன்னது நான்தான், ஒத்துக்கொள்கிறேன். அதற்காகப் போய் அவளோடு சேர் என்றா சொன்னேன்?

நவம்பரில் அவளுடைய இன்ஸ்டாகிராம் ஸ்டோரியில் ஒரு கையுறை தெரிந்தது. அவன் பிறந்தநாளுக்கு நான் வாங்கிக் கொடுத்தது. இப்படித்தான் எனக்குத் தெரியவந்தது. ஒருவரும் என்னிடம் நேரே சொல்லவில்லை.

பயிற்சியாளருக்கும் இப்போது அவள்தான் எல்லாம். தேசிய அணியில் இடம் கிடைக்கிற நிலைமையில் அவள் இருக்கிறாள். நான் விளிம்பில் தொங்கிக்கொண்டிருக்கிறேன். போன மாதம் ஒரு ஐரோப்பியக் கோப்பைப் போட்டியில் பலத்த காற்று என்று இறுதிச் சுற்றை ரத்து செய்து, தகுதிச் சுற்று முடிவையே இறுதி முடிவாக வைத்தார்கள். அவளுக்கு இரண்டாம் இடம், எனக்கு ஏழாம் இடம். (ரத்து ஆனதும் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது, ஓவோமால்டின் என்ற மால்ட் பானம் வாங்கிக் குடித்தேன். இப்போதெல்லாம் போட்டிக்கு முதல் இரவு போனில் காற்றின் வேகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். கூடுகிறது என்றால் நல்ல நித்திரை வரும். அது வேறு கதை.) பரிசு மேடையில் அவள் நிற்கிறாள், கீழே நின்று அவன் படம் எடுக்கிறான். என்னைப் படம் எடுத்த அதே கேமரா.

இன்னொன்று. அன்று காலை லிஃப்டில் போகும்போது அவள் என்னிடம், "பயமா இருந்தா ரெயில் மட்டும் செய்துபோட்டு மேடையை நேரே தாண்டி இறங்கு, நான் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டேன்" என்றாள். என்ன திமிர் பார்த்தீர்களா? அவனை எடுத்தாய், தாவலை எடுத்தாய், இப்போது எனக்கு அறிவுரையும் சொல்கிறாயா?

அணியில் ஒரு உளவியலாளர் இருக்கிறார். அவரிடம் கதைத்தால் அது பயிற்சியாளர் காதுக்குப் போய்விடும், அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். அம்மாவிடம் சொல்ல முடியாது. அவருக்கு இந்த விளையாட்டே பிடிக்காது. "காலைக் கையை முறிச்சுக்கொண்டு வந்து நிக்காதை" என்று இன்றைக்கும் சொல்வார். எனக்குப் பயமே இல்லை என்று சொல்லிச் சொல்லித்தான் முதல் போட்டிக்கு அவரிடம் கையெழுத்து வாங்கினேன்.

போட்டி ஊர்களில் அவளோடு ஒரே அறையில் தங்க மாட்டேன் என்று சொல்லலாமா? அவனிடம் நேரே கேட்கலாமா? பயிற்சியாளரிடம் முறையிடலாமா? எனக்கு நியாயம் எது என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கிராபுண்டனிலிருந்து ஒரு தங்கை

*

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது நீங்கள் அடைப்புக்குறிக்குள் போட்டு, "அது வேறு கதை" என்று மூடிவிட்ட அந்தச் சில வரிகள். அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். கோபம் வந்தால் வரட்டும்.

பலத்த காற்றில் போட்டியை நிறுத்தினால் யாருக்கும் நிம்மதிதான், அது இயல்பு. எதிர்க்காற்றில் வேகம் குறைந்தால் தாவுகிறவர் இறங்குசரிவை எட்டாமல் மேடையின் தட்டையிலேயே விழுவார் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் நீங்கள் முதல் நாள் இரவே காற்று கூடட்டும் என்று பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறீர்கள். அன்றைய நிலவரத்தையும் யோசியுங்கள். இறுதிச் சுற்று நடந்திருந்தால் ஏழாம் இடத்திலிருந்து ஏறி அவளைத் தாண்ட உங்களுக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. ரத்து ஆனதால் அவள் இரண்டாம் இடத்தோடு பரிசு மேடை ஏறினாள். அவளை வெல்வதுதான் உங்கள் ஆசை என்றால் அன்றைக்குக் காற்றின் மேல் உங்களுக்கு ஆத்திரம் வந்திருக்க வேண்டும். நீங்கள் ஓவோமால்டின் குடித்திருக்கிறீர்கள்.

உங்களுக்கு அந்த மேடையிலிருந்து தாவப் பயமாக இருக்கிறது. மார்ச்சிலிருந்து இருக்கிறது. கடிதம் முழுக்க அவன், அவள், கையுறை, கேமரா என்று சுற்றி வந்தாலும் இந்த ஒன்றைச் சொல்லாமல் இருக்கத்தான் அவ்வளவும் தேவைப்பட்டிருக்கிறது. பொறாமையால் நித்திரை போகிறது என்றால் சுற்றியிருக்கிறவர்களுக்கு உடனே விளங்கும், தோழிகள் கூட உட்கார்ந்து அவனைத் திட்டுவார்கள். பயத்தால் நித்திரை போகிறது என்று தாவுகிற ஒருத்தி யாரிடம் சொல்வாள்? அந்த மலையில் கோபத்துக்கு மரியாதை இருக்கிறது, பயத்துக்கு இல்லை. ஆகவே உங்கள் மனம் பயத்துக்குக் கோபத்தின் சட்டையைப் போட்டு வெளியே அனுப்பியிருக்கிறது.

அவன் விஷயத்தில் நான் முழுக்க உங்கள் பக்கம் இல்லை. உங்கள் ஒவ்வொரு ஓட்டத்தையும் கேமராவில் பார்த்தவன் அவன். நீங்கள் ஸ்விட்சை விட்டுவிட்டதை உலகத்தில் முதலில் கவனித்தது அவனாகத்தான் இருக்கும். ஏன் என்று கேட்டான். பனி சரியில்லை என்றீர்கள். மறுபடி கேட்டான், போனைத் தட்டிவிட்டீர்கள். உங்களுக்கு அது நச்சரிப்பு. எனக்கு, தானும் அடிபட்டு விளையாட்டை விட்ட ஒருவன் தனக்குத் தெரிந்த ஒன்றை உங்களிடம் பார்த்துவிட்டு ஒழுங்காகக் கேட்கத் தெரியாமல் கேட்டது போலத் தெரிகிறது. அவன் அருகில் இருக்கும்வரை அந்தக் கேள்வியும் அருகில் இருக்கும், அதனால்தான் தள்ளி இருப்போம் என்று சொன்னீர்களோ என்று எனக்குச் சந்தேகம். நீங்கள்தான் யோசித்துப் பார்க்க வேண்டும்.

அதற்காக அவனை நல்லவன் என்று தட்டிக் கொடுக்க வரவில்லை. உங்கள் தோழியோடு சேர்ந்ததை அவன் வாயால் உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். அவளும் சொல்லியிருக்க வேண்டும். ஒரு கையுறையைப் பார்த்து நீங்கள் கண்டுபிடிக்கும்படி விட்டது கோழைத்தனம். அந்த வலி நியாயமானது, அதற்கு அழுங்கள், திட்டுங்கள். ஆனால் காதலில் விட்டுப்போனதற்கு விளையாட்டில் நட்ட ஈடு கேட்க முடியாது. ஸ்விட்ச் 900 உங்களுடையது இல்லை, தங்கை. அதை உங்களுக்கு முன் எத்தனையோ பேர் செய்திருக்கிறார்கள், இனியும் செய்வார்கள். அவள் உங்களிடமிருந்து எடுத்துக்கொண்டதாகத் தோன்றுவதற்கு ஒரே காரணம், அது இப்போது உங்கள் கையில் இல்லை என்பது. நீங்களும் அதைச் செய்துகொண்டிருந்தால், இரண்டு பேரும் செய்கிறோம் என்று விட்டிருப்பீர்கள்.

லிஃப்டில் அவள் சொன்னதற்கு வருகிறேன். நீங்கள் அதைத் திமிர் என்கிறீர்கள். நான் அந்த வாக்கியத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன், திமிர் கண்ணில் படவில்லை. உங்களை வீழ்த்த நினைக்கிறவள் பேசாமல் இருந்திருப்பாள். மனதில்லாமல் அந்த மேடைக்குப் போகிறவர் தானாகவே கெடுத்துக்கொள்வார் என்று அவளுக்குத் தெரியாதா? உங்களுக்குப் பயம் என்பதைக் கண்டுபிடித்து, ஒரு வழியும் சொல்லி, ஒருத்தருக்கும் சொல்ல மாட்டேன் என்றும் சொல்லியிருக்கிறாள். அவளிடம் குற்ற உணர்வும் இருக்கலாம். இருந்தாலும் அந்தக் காலையில் அந்த மலையில் உங்களைச் சரியாகப் பார்த்த ஆள் அவள் ஒருத்திதான். உங்களுக்குச் சுட்டதும் அதுதான் என்று நினைக்கிறேன்.

அந்த 2018 காலையைப் பற்றி ஒரு சின்ன விஷயம். துள்ளினோம் என்று எழுதினீர்கள், இரண்டு பேரில் யாருக்குத் தங்கம், யாருக்கு வெள்ளி என்று அன்றைக்குப் பேசவில்லைப் போலிருக்கிறது. கிரெமோ அன்றைக்குத் தன் நாட்டுக்காரிக்கு அடுத்த படியில் நின்றவர். அதே கிரெமோதான் 2022 பெய்ஜிங்கில் 86.56 புள்ளி எடுத்து, 86.23 எடுத்த சீன வீராங்கனை ஐலீன் குவை முந்தித் தங்கம் வாங்கினார். இடைவெளி 0.33. நடுவர்கள் ஆளை ஆளோடு ஒப்பிட்டுப் புள்ளி போடும் விளையாட்டு இது, தோழிகளுக்குள் போட்டி வராமல் இருக்க முடியாது. வந்தது தப்பில்லை. பயத்துக்கு அதைச் சாக்காக வைத்ததில்தான் உங்களுக்கு நட்டம்.

அம்மாவைப் பற்றிக் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் இந்தப் பயத்தை ஏன் உங்களால் ஒத்துக்கொள்ள முடியவில்லை என்பதற்கு எனக்குக் கிடைத்த பதில் அங்கேதான் இருந்தது. வீட்டில் பயப்படுகிற வேலையை முழுக்க அம்மா எடுத்துக்கொண்டார். உங்களுக்கு மிஞ்சியது பயமே இல்லாதவள் என்ற வேஷம். அதை வைத்துத்தான் கையெழுத்து வாங்கினீர்கள், அதை வைத்துத்தான் இத்தனை வருடம் மலை ஏறினீர்கள். இன்றைக்கு எனக்குப் பயம் என்று சொன்னால் அம்மா ஜெயித்துவிட்டார் என்று ஆகிவிடும் போல உங்களுக்கு இருக்கிறது. அப்படி ஆகாது. அம்மா சொன்னது போகாதே என்று. நீங்கள் சொல்லப்போவது, போகிறேன், ஆனால் பயமாக இருக்கிறது என்று. முறிந்த ஹெல்மெட்டைக் கையில் எடுத்துப் பார்த்த ஒருத்திக்குப் பயம் வராவிட்டால்தான் நான் கவலைப்படுவேன்.

இனி உங்கள் கேள்விகள். அறையை மாற்றிக் கேளுங்கள், அதற்கு யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. அவனிடம் கணக்குக் கேட்கப் போகாதீர்கள், கையுறையைத் திருப்பியும் கேட்காதீர்கள், அது அவனுக்குக் கொடுத்தது. பயிற்சியாளரிடம் அவளைப் பற்றி முறையிட ஒன்றும் இல்லை.

அணி உளவியலாளரிடம் போங்கள். உங்கள் இரகசியத்தைக் காப்பது சுவிஸ் சட்டப்படி அவருடைய தொழில்முறைக் கடமை. உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் முதல் சந்திப்பிலேயே, நான் சொல்வதில் பயிற்சியாளருக்கு எது போகும், எது போகாது என்று நேராகக் கேளுங்கள். பதில் பிடிக்கவில்லை என்றால் அணிக்கு வெளியே ஒருவரைப் பாருங்கள். மார்ச்சில் தலையில் அடிபட்டிருக்கிறது. தலைவலி, வெளிச்சம் கண்ணைக் குத்துவது, கவனம் நிற்காதது என்று ஏதாவது இப்போதும் இருந்தால் முதலில் மருத்துவரிடம் போங்கள். அதைப் பயம் என்று நினைத்து விட்டுவிடக்கூடாது.

பயிற்சியாளரிடம் சொல்ல ஒரே ஒரு வாக்கியம் போதும்: "விழுந்ததிலிருந்து ஸ்விட்சில் மேடைக்குப் போக எனக்குப் பயமாக இருக்கிறது, ஏர்பேக்கிலிருந்து திரும்பத் தொடங்க வேண்டும்." அணியில் இடம் போய்விடுமோ என்பீர்கள். போகலாம். அடுத்த போட்டிக்கு முன் சொல்லுங்கள், முன்னறிவிப்பில் காற்று எவ்வளவு என்று பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள்.

அன்புடன்,
அக்கா