வாசகர் கேள்வி – பதில்: சயாம் மரண ரயிலும் ஒரு மன்னிப்பும்

கேள்வி: தன்னைச் சித்திரவதை செய்த ஜப்பானியரையே எரிக் லோமாக்ஸ் என்ற வெள்ளைக்கார அதிகாரி மன்னித்துவிட்டாராமே, உண்மையா? (வாசகர், தஞ்சாவூர்)

உண்மைதான், ஆனால் ஒரு திருத்தம். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் கைதிகளையும் கூலிகளையும் வைத்துச் சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்குப் போட்ட பாதைதான் மரண ரயில்; அங்கே போர்க்கைதியாக இருந்தவர் லோமாக்ஸ். லோமாக்ஸை அடித்தவர்கள் வேறு ஆட்கள். அவர் பிற்காலத்தில் சந்தித்த தகாஷி நகாசே, விசாரணையில் உட்கார்ந்திருந்த மொழிபெயர்ப்பாளர். கை ஓங்கியதில்லை. ஆனாலும் லோமாக்ஸின் கனவில் ஐம்பது வருடம் வந்தது அந்தக் குரல்தான். அடித்தவர்கள் கத்தியது அவருக்குப் புரியவில்லை, ஆங்கிலத்தில் கேட்டவர் இவர் ஒருவர்தானே!

கேள்வி: முகாமில் ஒரு ரேடியோ வைத்திருந்ததற்காகவா லோமாக்ஸுக்கு அவ்வளவு அடி? (வாசகி, மதுரை)

ரேடியோ மட்டுமல்ல, ஒரு வரைபடமும் மாட்டிக்கொண்டது. எடின்பரோவைச் சேர்ந்த லோமாக்ஸ், பிரிட்டிஷ் ராணுவத்தின் சிக்னல் படை அதிகாரி. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் சரணடைந்தபோது பிடிபட்டு, தாய்லாந்தின் காஞ்சனபுரிக்குக் கொண்டுபோகப்பட்டார். அங்கே கைதிகள் ஒரு ரிசீவரை ரகசியமாகக் கட்டினார்கள். காபி டின்னுக்குள் அடங்கும் அளவு; ஸ்பீக்கர் கிடையாது, இயர்போன்தான். செய்தி கேட்க மட்டுமே அது உதவும், தகவல் அனுப்ப முடியாது. ஜப்பானியர் அதை நம்பவில்லை. வெளியில் எதிர்ப்பு இயக்கத்தோடு பேசுகிறார்கள் என்றே முடிவுகட்டினார்கள். போதாததற்கு, ரயில் பைத்தியமான லோமாக்ஸ் தண்டவாளப் பாதையைக் கையால் வரைந்து வைத்திருந்தார். தப்பி ஓடத் திட்டம் என்று அதற்குப் பொருள் சொல்லப்பட்டது.

1943 ஆகஸ்ட் கடைசியில் ரேடியோ சிக்கியது. செப்டம்பரில் விழுந்த அடியில் கைதிகளில் இரண்டு அதிகாரிகள் இறந்தே போனார்கள்; லோமாக்ஸுக்கு இரண்டு முன்கைகளும் முறிந்தன. பிறகு ராணுவப் போலீசான கெம்பெய்தாய் விசாரணை: கட்டிப் போட்டு, ரப்பர் குழாயால் மூக்கிலும் வாயிலும் தண்ணீர் அடிப்பது. முடிவில் ஐந்து வருடத் தண்டனை, சிங்கப்பூர் அவுட்ராம் ரோடு சிறை.

கேள்வி: ஒரே சந்திப்பில் சமாதானம் ஆகிவிட்டார்களா? (வாசகர், ஈரோடு)

இல்லை. 1989-இல் நகாசே பற்றிய ஒரு பத்திரிகைத் துண்டு லோமாக்ஸ் கைக்கு வந்தது. அவர் உடனே எழுதவில்லை. மனதில் இருந்தது பழிவாங்கும் எண்ணம். இடையில், சித்திரவதைக்கு ஆளானோருக்காக லண்டனில் ஹெலன் பாம்பர் நிறுவிய மருத்துவ அமைப்பில் சிகிச்சை எடுத்துக்கொண்டார். 1991-இல் நகாசேவுக்குக் கடிதம் எழுதியதும் அவரல்ல, லோமாக்ஸின் மனைவி பாட்டி (Patti).

நகாசே பக்கம் வெறும் வருத்தம் மட்டும் இருக்கவில்லை. போர் முடிந்த கையோடு, 1945-லேயே, நேச நாட்டுக் குழுவுடன் பாதை நெடுகப் போய்க் கைதிகளின் கல்லறைகளைத் தேட உதவியவர் அவர். 1976-இல் முன்னாள் கைதிகளையும் ஜப்பானியரையும் அந்த ரயில் பாதையின் குவாய் ஆற்றுப் பாலத்தருகே கூட்டினார். 1986-இல் அங்கே ஓர் அமைதிக் கோயில் கட்டினார். மன்னிப்புக் கேட்கும் முன்பே நாற்பது வருட வேலை கையில் இருந்தது. என் கணிப்பில், லோமாக்ஸ் இறங்கி வந்ததற்குப் பெரிய காரணம் இதுதான்.

1993 மார்ச்சில் காஞ்சனபுரியில் சந்தித்தார்கள். நகாசே நடுங்கியபடி குனிந்து மன்னிப்புக் கேட்டார். லோமாக்ஸ் அப்போதே மன்னித்ததாகச் சொல்லவில்லை. பின்னர் டோக்கியோவில், ஓட்டல் அறையில் நகாசேயிடம் தனியாக ஒரு கடிதம் கொடுத்தார். மன்னிப்பு அதில்தான் இருந்தது. நகாசே 2011-லும் லோமாக்ஸ் 2012-லும் காலமானார்கள்.

கேள்வி: சிங்கப்பூரில் ராணுவத்தில் இருந்த என் தாத்தா திரும்பவில்லை. மலாயாத் தோட்டத்தில் இருந்த அவர் தம்பியைச் சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துப் போனார்களாம். தேட வழி உண்டா? (வாசகர், திருநெல்வேலி)

தாத்தாவுக்கு உண்டு. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் பெயர் தேடல் இலவசம். கல்லறை இல்லாத இந்தியச் சிப்பாய்கள் பெரும்பாலும் சிங்கப்பூர் கிராஞ்சி நினைவுச் சுவரில் இருப்பார்கள். பலர் தடுக்கி விழும் இடம் பெயரின் ஆங்கில எழுத்து: ராமசாமி என்பதை நாலைந்து விதமாக எழுதியிருப்பார்கள், இனிஷியலும் இருக்காது. பெயரின் முதல் சில எழுத்துகளை மட்டும் கொடுத்து, ராணுவத்தை 'இந்திய' என்றும், வருடத்தை 1942 முதல் 1945 வரை என்றும் சுருக்குங்கள். பல பதிவுகளில் தந்தை பெயரும் ஊரும் தாலுகாவும் உண்டு. அதை வைத்து உறுதி செய்யலாம். ராணுவ எண் கிடைத்தால் (பழைய பென்ஷன் தாள், மணியார்டர் ரசீது) வேலை எளிது.

தம்பி விஷயம் கஷ்டம். 415 கிலோமீட்டர் பாதையில் போர்க்கைதிகள் சுமார் 60,000 பேர். இறந்த 12,000-க்கும் மேற்பட்டோருக்குப் பட்டியல் இருக்கிறது. மலாயாத் தமிழர், பர்மியர் உள்ளிட்ட ஆசியத் தொழிலாளர் எண்ணிக்கையோ அந்த 60,000-ஐப் போல மூன்று மடங்குக்கும் மேல். அவர்களுக்கு முழுப் பட்டியலே கிடையாது. 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது கைதி முகாம்களில் சொந்த டாக்டர்களும், காய்ச்சிய தண்ணீர்தான் குடிக்க வேண்டும் என்ற கட்டுப்பாடும் இருந்தன. கூலி முகாம்களில் இரண்டும் இல்லை; ஆற்றுத் தண்ணீரைக் குடித்துக் கும்பல் கும்பலாகச் செத்தார்கள். அந்தப் பிணங்களைப் பெயர் எழுதிப் புதைக்க ஆளில்லை. எனவே தொடங்க வேண்டிய இடம் தோட்டம்: எந்த எஸ்டேட், எந்தக் கங்காணி, கூட யார் போனார்கள் என்று மலேசிய உறவினரிடம் முதலில் கேட்டு எழுதிவையுங்கள்.