தீக்கோழி: கேட்டவையும் பதில்களும்

கேள்வி: ஐயா, ஆபத்து வந்தால் தீக்கோழி மணலில் தலையைப் புதைத்துக்கொள்ளும் என்று என் மகனுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். உண்மையா?

பதில்: இல்லை, அம்மா. தீக்கோழிக்குக் கூடு என்பது தரையில் பறித்த ஆழமில்லாத குழிதான். முட்டைகளை அலகால் புரட்டிவிட அடிக்கடி தலையைக் குழிக்குள் கொண்டுபோகும். அடைகாக்கும்போது எதிரியைக் கண்டால் கழுத்தைத் தரையோடு நீட்டிப் படுத்துவிடும். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு உடல் மண்மேடு போலத் தெரியும், தலை தெரியாது. புதருக்குள் கழுத்தை நுழைத்துவிட்டு உடம்பு முழுவதும் மறைந்ததாக அது நினைத்துக்கொள்ளும் என்று ரோமானியரான பிளினி எழுதி வைத்தார். ஏறத்தாழ 2,000 ஆண்டுகளாகச் சுமக்கும் பழி! மகனிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

கேள்வி: நெருப்பைத் தின்னுமா? பெயரே நெருப்புக்கோழி என்று இருக்கிறதே?

பதில்: தின்னாது. பழுக்கக் காய்ச்சிய இரும்பையும் செரித்துவிடும் என்ற கதை பல நாடுகளில் உலவியது. அது விழுங்குவது கூழாங்கற்களைத்தான். பல் இல்லாததால் அரைவைப் பையில் தங்கும் அந்தக் கற்களே புல்லையும் இலையையும் அரைத்துக் கொடுக்கின்றன. பாரசீகர்கள் வைத்த 'ஒட்டகப் பறவை' என்ற பெயர் எனக்கு இன்னும் பொருத்தமாகப் படுகிறது.

கேள்வி: எவ்வளவு வேகம் ஓடும் சார்?

பதில்: மணிக்கு 70 கிலோமீட்டர் வரை. காலுக்கு இரண்டே விரல்கள். பறவைகளில் வேறு எதற்கும் இப்படி இல்லை. உதை எப்போதும் முன்பக்கமாகத்தான் விழும்.

கேள்வி: ஒரே கூட்டில் பல பெட்டைகள் முட்டையிடும் என்று படித்தேன். பிறர் முட்டையை ஒரு தாய் ஏன் காக்க வேண்டும்?

பதில்: இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். சேவல் குழி பறிக்கும். அதற்கு ஒரு தலைமைப் பெட்டை உண்டு. சுற்றுப்புறப் பெட்டைகள் பலவும் வந்து அதே குழியில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். அடைகாப்பது தலைமைப் பெட்டையும் சேவலும் மட்டுமே. ஆனால் உடம்புக்கு அடியில் ஏறக்குறைய இருபது முட்டைகளுக்குத்தான் இடம். எஞ்சியவற்றைத் தலைமைப் பெட்டை வெளி வட்டத்துக்கு உருட்டிவிடும்.

கென்யாவின் மேற்கு சாவோ தேசியப் பூங்காவில் 1970களில் இதை ஆராய்ந்த பிரையன் பெர்ட்ராம், உருட்டிவிடப்படுபவை பெரும்பாலும் பிற பெட்டைகளின் முட்டைகளே என்று கண்டறிந்தார். நமக்கு எல்லாம் ஒன்றுபோலத் தெரியும் அந்த வெள்ளை முட்டைகளில் தன்னுடையது எது என்று அது அறிந்திருக்கிறது! குள்ளநரி வந்தால் முதலில் பறிபோவது வெளி வட்டம். நடுவில் இருக்கும் சொந்த முட்டைகள் தப்பிக்க வாய்ப்பு கூடுகிறது. கூடு கிடைக்காத பெட்டைக்கோ, நடுவே தங்கிவிடும் ஒன்றிரண்டு முட்டைகளாவது லாபம். இதை முட்டாள் பறவை என்று எப்படிச் சொல்ல மனம் வரும்?

கேள்வி: சேவல் கறுப்பாகவும் பெட்டை பழுப்பாகவும் இருப்பது ஏன்?

பதில்: பகலில் பெரும்பாலும் பெட்டை அமரும், அதன் நிறம் மண்ணோடு கலந்துவிடும். இரவுக் காவல் சேவலுடையது. கறுப்பு இருளோடு கலந்துவிடும். இப்படி ஏறக்குறைய ஆறு வாரம்.

கேள்வி: அவ்வளவு கெட்டியான முட்டையைக் கழுகுகளால் உடைக்க முடியுமா?

பதில்: ஒரு முட்டை சுமார் 1.4 கிலோ எடை, ஓடு 2 மில்லிமீட்டர் கனம். அலகால் கொத்தி உடைப்பது கடினம். மஞ்சள்முகப் பாறு என்ற பிணந்தின்னிக் கழுகு அலகில் கல்லைக் கவ்வி, முட்டைமேல் ஓங்கி எறிந்து உடைக்கும். தான்சானியாவில் இதைப் பார்த்து, சிம்பன்சி ஆய்வாளர் ஜேன் குட்டால் 1966இல் எழுதினார். அந்தப் பாறு நம் நாட்டிலும் உண்டு.

கேள்வி: இந்தியாவில் தீக்கோழி இருந்ததா?

பதில்: இருந்தது. ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம் எனப் பல இடங்களில் முட்டையோட்டுத் துண்டுகள் கிடைத்துள்ளன. மகாராஷ்டிரத்தின் பட்ணே என்ற ஊரில் கிடைத்த துண்டில் மனிதர் கீறிய கோலங்களே இருக்கின்றன. ஓட்டில் எஞ்சியிருந்த மரபணுவை ஐதராபாத் ஆய்வாளர்கள் சோதித்து, அவை ஆப்பிரிக்கத் தீக்கோழிக்கு உறவானவை என்று 2017இல் உறுதிசெய்தார்கள்.

கேள்வி: அரேபியாவில் இருந்தவை என்னவாயின?

பதில்: துப்பாக்கியும் மோட்டார் வண்டியும் வந்தபின் வேட்டையாடியே தீர்த்துவிட்டார்கள். 1966இல் ஜோர்தானில் இறந்து கிடந்த பறவையே கடைசிப் பதிவு. இப்போது சவூதி அரேபியாவின் மஹாசாத் அஸ்ஸைத் காப்பகத்தில், அதன் நெருங்கிய உறவான வட ஆப்பிரிக்கச் செங்கழுத்துத் தீக்கோழியைக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள்.