ஆமியில் வாகனம் திருத்தியவருக்கு வெளியே பெக்கோ, டோசர் வேலை கிடைக்குமா?

கேள்வி கேட்டவர் மலையகத்துப் பிள்ளை என்றும், ஆமிச் சேவையில் 22 வருஷம் நிறைய இன்னும் ஓரிரண்டு வருஷம்தான் பாக்கி என்றும் எடுத்துக்கொள்கிறேன். இல்லாவிட்டால் "ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் நிலைமை எப்படி" என்று சேர்த்துக் கேட்டிருக்க மாட்டீர்கள். வேலை கிடைக்கும் தம்பி. ஆனால் முதல் வருஷம் உங்களை யாரும் மெக்கானிக்காக மதிக்க மாட்டார்கள்.

"தமிழன் எப்படி ஆமியில்" என்று கீழே எழுத வருகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். தாத்தா காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் தோட்டத்துப் பெரட்டுக்களத்தில் நின்றார், அப்பாவும் அங்கேயே நின்றார், நான் வேறொரு பெரட்டில் போய் நின்றேன். ஒரு காம்பராவில் ஏழு பேர் படுத்த வீட்டுக்கு மாசம் தவறாத சம்பளம் வந்தது. துவக்கைவிட ஸ்பேனரைத்தான் அதிகம் தூக்கினேன். அதற்கு மேல் யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நான் இருந்தது ஆமியின் வாகனமும் மெஷினும் திருத்தும் ஈ.எம்.ஈ. பிரிவு. பஃபல் கவச வண்டியும், அதைப் பார்த்து இங்கேயே செய்த யுனிகோர்னும் கைக்கு வந்தன. பஃபல் தென்னாப்பிரிக்க வண்டி. உள்ளே ஆறு சிலிண்டர் பென்ஸ் எஞ்சின், ஓ.எம். 352. வெளியே வந்து முதல் முதலாகப் பழைய டாடா கொழுந்து லொறி ஒன்றின் பொனட்டைத் தூக்கியபோது, சொந்தபந்தத்தைப் பார்த்த மாதிரி இருந்தது. டாடா 1954-இல் பென்ஸோடு கூட்டுச் சேர்ந்து லொறி செய்யத் தொடங்கிய கம்பனி அல்லவா. அந்தத் தைரியத்தில்தான் கெட்டேன்.

2022 மழைக்காலம். டீசல் லீட்டர் 460 ரூபாய்க்குப் போன நேரம். நுவரெலியா வீதியில் மண் சரிந்த இடத்தில் ஒரு பெக்கோ மக்கர் பண்ணுகிறது என்று கூப்பிட்டார்கள். ஸ்டார்ட் ஆகும், பத்து நிமிஷம் மண் அள்ளும், திணறி நின்றுவிடும். கால் மணி நேரம் சும்மா விட்டால் மறுபடி ஸ்டார்ட் ஆகும். ஃபில்டர் மாற்றினேன், டீசல் குழாயில் நின்ற எயாரை எடுத்தேன், கடைசியில் டேங்கிலிருந்து டீசல் இழுக்கும் ஃபீட் பம்ப் போய்விட்டது என்று தீர்ப்புச் சொன்னேன். ஆமியில் அப்படித்தான் பழக்கம்: சந்தேகம் வந்தால் ஸ்டோருக்கு எழுது, சாமான் வரும், மாற்று. காசு யாருடையது என்று யோசித்ததே இல்லை. இங்கே முதலாளி கொழும்பில் ஸ்பெயார் பார்ட்ஸ் விற்கும் பஞ்சிகாவத்தைக்கு ஆள் அனுப்பினார். ரூபாய் விழுந்து கிடந்த மாசம் அது. அந்தப் பம்பின் விலையை இப்போதும் எழுத வெட்கமாக இருக்கிறது. பூட்டினேன். பத்து நிமிஷம் ஓடியது. நின்றது.

மூன்றாம் நாள் ஒரு கிழவரைக் கூட்டி வந்தார்கள். சாரம், ரப்பர் செருப்பு. தேயிலை ஸ்டோரில், அதாவது ஃபெக்டரியில், எஞ்சின் பார்த்து ஓய்ந்தவர். என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"தம்பி, நின்ன பொறகு சும்மா விட்டா திரும்ப ஏறுதா?"

"ஆமாங்க பாஸ்."

"செத்த பம்புக்குக் கால் மணி நேரத்துல உசிர் வருமா?"

டேங்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றி வாயை வைத்து ஊதினார். உள்ளே குபுகுபு என்று சத்தம். டேங்கைக் காலி பண்ணிப் பார்த்தால், உள்ளங்கை அகலத்தில் ஒரு பொலித்தீன் துண்டு. டீசல் கேன் ஒழுகாமல் இருக்க மூடிக்கு அடியில் வைப்பார்களே, அது. டேங்க் வாயில் இருக்க வேண்டிய வலையை யாரோ எப்போதோ கழற்றி வீசியிருக்கிறார்கள். எஞ்சின் இழுக்க இழுக்க அந்தத் துண்டு குழாய் வாயில் போய் ஒட்டும். நின்றதும் விட்டு மிதக்கும். இவ்வளவுதான். கிழவர் கை கழுவிவிட்டு, "ஆமிக்காரத் தம்பிக்கு ஒரு டீ குடுங்க" என்றார். அந்த டீ இறங்கவில்லை.

சூட்டில் சோர்ந்து ஆறினால் பிழைக்கிற பம்பும் உண்டு என்று யாராவது வாதாட வருவீர்கள். உண்டுதான். ஆனால் குழாயைக் கழற்றி ஊத ஐந்து சதம் செலவில்லை, அதைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும்.

இன்னொன்று, சமதரையான வன்னியில் எஞ்சின் சத்தம் கேட்டுப் பழகிய காதோடு இங்கே வராதீர்கள். நுவரெலியா 1868 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நாலு பங்குதான். காற்றை அழுத்தி ஊட்டும் டர்போ இல்லாத எஞ்சின் ஏற்றத்தில் கறுப்பாகப் புகைக்கும், இழுவையும் குறையும். உடனே டீசல் தெளிக்கும் நொசிலைக் கழற்ற வேண்டாம்.

ஆமியில் சொல்லித் தந்த ஒன்று மட்டும் இங்கே என் விரலைக் காப்பாற்றியது. ஹைட்ரோலிக் ஹோஸில் ஊசித்துளை ஒழுக்கைக் கையால் தடவித் தேடவே கூடாது. உள்ளே 200 பாருக்கு மேல் அழுத்தம். எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போனால் வெளியே ஒரு புள்ளிதான் தெரியும், விரலையே வெட்ட வேண்டி வரலாம். மெஷினை நிறுத்தி அழுத்தத்தை இறக்குங்கள். ஓடும்போதுதான் பார்க்க வேண்டுமென்றால் தள்ளி நின்று அட்டைத் துண்டைப் பிடியுங்கள். கராஜ் பையன்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

கடைசியாக, விலகும் முன்னே என்விகியூ என்ற தொழில் தகைமைச் சான்றிதழை எடுத்துவிடுங்கள். செய்த வேலையைக் காட்டிச் சோதனைக்குப் போகிற முறை இருக்கிறது, அரச தொழிற்பயிற்சி அதிகாரசபையான நைட்டாவில் கேளுங்கள். வகுப்பில் போய் உட்கார வேண்டியதில்லை. நான் விலகிய பிறகுதான் விண்ணப்பித்தேன். சோதனைக்கு வரச்சொன்ன கடிதம் தோட்டத்து ஆபீஸுக்குப் போய், அங்கே மேசையில் கிடந்து, தேதி முடிந்து ஒன்பதாம் நாள் கைக்கு வந்தது. எங்கள் லயத்துக்கு, அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, இலக்கம் கிடையாது. தோட்டத்து டிவிஷன் பெயரோடு முகவரி முடிந்துவிடும். 2023-இல், எங்கள் ஆட்கள் இங்கே வந்து இருநூறு வருஷம் ஆனதற்காக, மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். அதற்குப் பிறகும் தபால்காரர் எங்கள் வாசலுக்கு வரவில்லை. பெக்கோ எந்த மேட்டுக்கும் ஏறும், ஒரு கடிதம் ஏறாது.

அதனால் விண்ணப்பத்தில் டவுனில் தெரிந்த கடை ஒன்றின் முகவரியைப் போடுங்கள். இரண்டாம் தடவை நான் போட்டது சலூன்காரரின் முகவரி. நாலாம் நாளே கடிதம் வந்தது, முடி வெட்டப் போனபோது கொடுத்தார்.