பார்த்தீனியக் களை வளர்ந்த நிலத்தில் ராகி முளைக்கவில்லை. ஒரு செடி இன்னொரு செடியின் வேரைத் தடுக்குமா?

தடுக்கும். உங்களுடையதும் மானாவாரிக் கொல்லையாகத்தான் இருக்கும். ஓரத்தில் யாரோ தரிசு போட்டு, அதில் பார்த்தீனியம் மண்டியிருக்கும். பாலக்கோட்டுப் பக்கம் எங்கள் நிலைமையும் அதுதான். தரிசு போட்டவர் என் சித்தப்பா.

வரப்பை ஒட்டி ராகி வெளுத்து நின்றபோது, "களைப்பூண்டு போய் பயிரின் வேரைக் கடிக்குமா? விதை பழையது" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. ஒரே விதையை இரண்டு தட்டுகளில் ஈரத்துணி மேல் பரப்பினேன். ஒன்றுக்கு வெறும் தண்ணீர், மற்றதற்குப் பார்த்தீனிய இலையை இரவெல்லாம் ஊறவைத்து வடித்த தண்ணீர். முதல் தட்டில் வெள்ளை வேர் துணிக்குள் ஓடியது. இரண்டாவதில் முளைத்தவையே குறைவு. அவற்றின் வேரும் நுனி பழுத்து அரைகுறையாக நின்றுவிட்டது. சித்தப்பா குனிந்து பார்த்துவிட்டு, "விதை பழையதுதான்" என்றார். இரண்டு தட்டிலும் ஒரே விதை!

பார்த்தீனியத்தின் இலை, தண்டு மயிர்களில் பார்த்தீனின் என்ற நச்சு இருக்கிறது. உடம்பில் பீனாலிக் அமிலங்களும் உண்டு. மழை கழுவும்போதும் செடி மடிந்து மக்கும்போதும் இவை மண்ணில் இறங்கி, வேர்நுனியில் செல்கள் பெருகுவதைத் தடுக்கின்றன. அவரை, துவரை போட்டால் காற்றின் தழைச்சத்தைப் பிடித்துத் தரும் வேர் முடிச்சுகளும் குறையும்.

தட்டு வேறு, வயல் வேறு என்று யாராவது கீழே எழுத வருவீர்கள். தெரியும். மண்ணின் நுண்ணுயிர்கள் பார்த்தீனினைச் சிதைத்துவிடும். ஈரத்தையும் உரத்தையும் அந்தச் செடி பிடுங்கிக்கொள்வதும் பாதிக் காரணம். பழி முழுவதையும் நான் நஞ்சின் மேல் போடவில்லை.

பார்த்தீனியத்தின் மகரந்தம் தக்காளிப் பூவின் சூல்முடியில் (மகரந்தத்தை ஏற்கும் நுனியில்) படிந்தால் காய்ப்பிடிப்பும் குறையும். காய்த்து மட்டும் என்ன? பறிகூலிக்கும் காணாத விலைக்குக் கேட்டுவிட்டு, எடையில் கழிவு வேறு பிடிக்கிறார்கள். கூடையோடு சாலையோரம் கொட்டிவிட்டு வந்தவர்களுக்குத்தான் அந்த வயிற்றெரிச்சல் புரியும். போகட்டும்.

பூப்பதற்கு முன் கையுறை போட்டு வேரோடு பிடுங்குங்கள். வெறுங்கையால் தொட்டால் அரிப்பு வரும். பூத்ததை எருக்குழியில் போடாதீர்கள், ஒரு செடியே ஆயிரக்கணக்கில் விதை உதிர்க்கும். உழுதபின் மக்க அவகாசம் கொடுத்து விதையுங்கள். மழைக்காலத்தில் வெளிர்நிறத்தில் கருங்கோடு போட்ட சிறு வண்டு அதன் இலையைத் தின்னும். மெக்சிகோவிலிருந்து கொண்டுவந்து 1984இல் பெங்களூருவில் விட்ட வண்டு அது. கண்டால் மருந்தடிக்காதீர்கள். சித்தப்பா அடிக்கிறார்.