திருப்பூர் மக்கள்தொகை 4.44 லட்சமா, 8.77 லட்சமா? ஏன் இரண்டு எண்கள்?

இரண்டுமே 2011 கணக்கெடுப்பில் இருந்து வந்தவைதான். பழைய எல்லைக்கு 4,44,352. விரிவாக்கிய எல்லைக்கு 8,77,778.

திருப்பூர் 1917இல் நகராட்சி ஆனது, 2008இல் மாநகராட்சி. தரம்தான் உயர்ந்தது, பரப்பு அதே சுமார் 27 சதுர கிலோமீட்டர். கணக்கெடுப்புக்கு முன்னால் ஊர் எல்லைகளில் இனி கை வைக்கக் கூடாது என்று ஒரு தேதி குறிப்பார்கள். 2011க்கு அது 2009 டிசம்பர் 31. ஆகவே கணக்கெடுப்புப் பட்டியலில் இருப்பது பழைய திருப்பூர். 15 வேலம்பாளையம், நல்லூர் நகராட்சிகளும் (அந்த 15 ஊர்ப்பெயரோடு ஒட்டியது, வார்டு எண் அல்ல) வீரபாண்டி, நெருப்பெரிச்சல், மண்ணரை உள்ளிட்ட எட்டு ஊராட்சிகளும் 2011 உள்ளாட்சித் தேர்தலை ஒட்டிச் சேர்க்கப்பட்டன. பரப்பு சுமார் 160 சதுர கிலோமீட்டர் ஆனது, வார்டுகள் 60. சேர்ந்த ஊர்களின் 2011 எண்ணிக்கையைக் கூட்டியதில் வந்ததுதான் 8.77 லட்சம்.

இணையத்தில் அதிகம் பார்க்கும் தவறு, பழைய மக்கள்தொகையைப் புதிய பரப்பால் வகுப்பது. அப்படிச் செய்தால் அடர்த்தி சதுர கிலோமீட்டருக்கு 2,800 பேர் என்று வரும். பனியன் கம்பெனியும் லைன் வீடுமாக நெருக்கியடிக்கும் ஊருக்கு இந்த எண் பொருந்துமா? பழையதைப் பழையதால் வகுத்தால் 16,000க்கு மேல். புதியதைப் புதியதால் வகுத்தால் சுமார் 5,500.

வளர்ச்சி விகிதத்திலும் இதே குழப்பம். 2001இல் நகராட்சிக்குள் சுமார் 3.44 லட்சம். அதை 8.77 லட்சத்தோடு ஒப்பிட்டு "பத்தே ஆண்டில் 155 சதவீதம்" என்று எழுதிவிடுகிறார்கள். ஒரே எல்லைக்குள் பார்த்தால் 29 சதவீதம்தான். அதற்காக ஊர் மெதுவாக வளர்ந்தது என்றும் சொல்ல முடியாது. உள்ளே இடமில்லாமல் வளர்ச்சி வெளியே போய்விட்டது. ஒட்டியிருக்கும் ஊர்களையும் சேர்த்த 'நகரத் திரள்' கணக்கில் 2001இல் சுமார் 5.5 லட்சம், 2011இல் சுமார் 9.6 லட்சம். இதிலும் சேரும் ஊர்ப்பட்டியல் கணக்கெடுப்புக்குக் கணக்கெடுப்பு மாறும் என்பதால் போக்கை அறிய மட்டும் பயன்படுத்துங்கள்.

பழைய தரவு தேடுபவர்களுக்கு: திருப்பூர் மாவட்டம் பிறந்தது 2009 பிப்ரவரியில், அதாவது எல்லைத் தேதிக்கு முன்பே. அதனால் 2011இல் அது தனி மாவட்டம் (24,79,052 பேர்). 2001 கணக்கெடுப்பு நூல்களில் அந்தப் பெயரில் மாவட்டமே கிடையாது. திருப்பூர், பல்லடம், உடுமலையைக் கோயம்புத்தூரிலும், தாராபுரம், காங்கேயத்தை ஈரோட்டிலும் தேட வேண்டும்.

வாக்காளர் எண்ணிக்கையை வைத்து மக்கள்தொகையை ஊகிக்கும் குறுக்குவழியும் இங்கே உதவாது. திருப்பூர் மக்களவைத் தொகுதியில் கோபி, பவானி, அந்தியூர், பெருந்துறை எல்லாம் இருக்கின்றன; பக்கத்திலேயே உள்ள பல்லடம் கோவைத் தொகுதியில். வெளிமாநிலத் தொழிலாளர்களில் பெரும்பாலோரின் ஓட்டு சொந்த ஊரில்தான். ஆனால் கணக்கெடுப்பு அவர்களை, அந்த நாட்களில் தங்கியிருக்கும் ஊரில் எண்ணும்.